வாசகர் கேள்வி – பதில்

கே: பழைய புத்தகக் கடையில் ஹோவர்ட் கார்ட்டர் எழுதிய துட்டன்காமன் கல்லறைப் புத்தகத்தின் முதல் பாகம் கிடைத்தது. 1923 என்று போட்டிருக்கிறது. அரிய பிரதியா?

ப: கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்! ஆனால் உடனே லட்சக்கணக்கில் கணக்குப் போடாதீர்கள். 1922 நவம்பரில் பழங்கால எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையை அகழாய்வாளர் கார்ட்டர் கண்டுபிடித்ததும் உலகமே எகிப்துப் பைத்தியம் பிடித்து அலைந்தது, அந்தச் சூட்டில் அவரும் அவருடைய குழுவில் இருந்த ஆர்தர் மேஸும் சேர்ந்து எழுதிய முதல் பாகம் அடுத்த ஆண்டே வெளிவந்து மறுபடி மறுபடி அச்சானது. அதனால் தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, பின்புறம் மறு அச்சு விவரம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லண்டன் காசல் நிறுவனப் பதிப்பு என்றால் அட்டையில் பொன்னிற வண்டுச் சின்னம் இருக்கும். அப்புறம் படங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்கள்தான் இந்தப் புத்தகத்தின் உயிரே, அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுக்கொண்ட புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இரண்டாம் பாகம் 1927, மூன்றாவது 1933. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால்தான் சேகரிப்பாளர்கள் துள்ளுவார்கள்.

கிழிசலுக்கு செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், சாமி! விற்காமல் படியுங்கள் என்பேன். படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவன இணையதளத்துக்குப் போனால் கார்ட்டரின் அகழாய்வு நாட்குறிப்புகளே இலவசமாக இருக்கின்றன.