லுமும்பாவும் உள்ளூர்க் கைகளும்

அன்புள்ள ஐயா,

காங்கோ குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்நாட்டின் முதல் பிரதமர் லுமும்பாவைப் பதவி நீக்கியவர் குடியரசுத் தலைவர் கசாவுபு, சிறைப்பிடித்தவர் படைத்தலைவர் மொபுட்டு, கொல்லப்பட்டது பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்தில், ஷோம்பேயின் ஆட்சிப் பகுதியில். மூவரும் அந்நாட்டவர்களே. அப்படியிருக்க, அந்நியர்மேல் பழிபோடுவது உள்நாட்டுப் பூசலை மூடிமறைப்பதாகாதா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

அம்மூவரின் பொறுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்க் கைகளைக் கொண்டே காரியத்தை முடித்து, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை உள்நாட்டுப் பூசல் என்று நம்பும்படி விட்டுவிடுவதுதான் மறைமுகத் தலையீட்டின் வழிமுறையே.

பூசலை அந்நாடு தானே தீர்த்துக்கொள்ள முயன்றதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1960 செப்டம்பர் 5 அன்று கசாவுபு வானொலியில் பதவி நீக்கத்தை அறிவித்தபின், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் லுமும்பாவின் பக்கமே நின்றன. மேலவையில் அவருக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. பதவி நீக்க அறிவிப்புக்குப் பின் பத்து நாள் கழிவதற்குள், செப்டம்பர் 14 அன்று, மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றி அந்த நாடாளுமன்றத்தையே முடக்கினார். அவருக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பணம் கொடுத்ததைப் பின்னாளில் வெளியான அமெரிக்க அரசு ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன.

அதற்கு முன்பே, ஆகஸ்ட் 26 அன்று, சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ் காங்கோவின் தலைநகரான லியோபோல்ட்வில்லுக்கு அனுப்பிய தந்தி, லுமும்பாவை அகற்றுவதே அவசரமான முதல் நோக்கம் என்றது. அடுத்த மாதம் சிட்னி காட்லீப் என்ற சிஐஏ வேதியியலாளர் நஞ்சுடன் அங்கே போய் இறங்கினார். உணவிலோ பற்பசையிலோ கலப்பதற்கான அந்த நஞ்சு பயன்படுத்தப்படவில்லை என்றாலும், திட்டம் இருந்ததை 1975இல் அமெரிக்க செனட் குழு உறுதிசெய்தது.

கட்டாங்காவின் பிரிவினையும் ஷோம்பேயால் மட்டும் நிலைத்ததல்ல. யூனியன் மினியேர் என்ற பெல்ஜியச் சுரங்க நிறுவனத்தின் வரிப்பணம் அவருக்குச் சென்றது. அவர் படையை, காங்கோவை முன்பு ஆண்ட பெல்ஜியத்தின் அதிகாரிகள் நடத்தினார்கள். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பாவை விமானத்தில் ஏற்றி, வழியெல்லாம் அடித்து, அங்கே கொண்டுசேர்த்தார்கள். அன்றிரவே அவரும் அவருடைய அரசியல் தோழர்களான இம்போலோவும் ஒகிட்டோவும் சுட்டுக் கொல்லப்பட்டபோது பெல்ஜிய அதிகாரிகள் உடனிருந்தார்கள். பிறகு உடல்களைத் தோண்டியெடுத்து, வெட்டி, அமிலத்தில் கரைத்தார்கள். அதைச் செய்த பெல்ஜியக் காவல் அதிகாரி லுமும்பாவின் பல்லொன்றை எடுத்துவைத்துக்கொண்டார். 2022 ஜூனில், பிரஸ்ஸல்ஸில், ஒரு சிறு நீலப் பெட்டியில் அந்தப் பல்லைத்தான் லுமும்பாவின் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அடக்கம் செய்ய அவர்களுக்குக் கிடைத்தது அது மட்டுமே.