கலைத்தாலும் கெடாத விளையாட்டு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடை விடுமுறை பற்றித்தான். மதுரை வாசகி ஒருவர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதற்கே இடம் அதிகம் போகும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. கணவர் காலை ஒன்பதுக்குக் கடைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். மகள் எதை எடுத்து உட்கார்ந்தாலும் சின்னவன் போய்க் கலைத்துவிடுகிறான். நேற்று அவள், "தம்பி எதுக்கும்மா பொறந்தான்?" என்று கேட்டுவிட்டாள். வெயிலில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியவில்லை. பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று நாள் எண்ணுகிறேன். பிள்ளைகளோடு இருக்கிற நாட்களை இப்படிக் கழிக்கிறோமே என்று வருத்தமாகவும் இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகள் கேட்டதை என் மகளும் கேட்டிருக்கிறாள். 1988, மே மாதம். சிம்மக்கல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு நடுவில் இருந்தோம். அவளுக்கு 7 வயது, தம்பிக்கு ஒன்றரை. காலி தீப்பெட்டிகளை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, அன்றைக்கு அதில் தெற்குக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் தொடங்கியவள், பதினொரு மணிக்குத் தன் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். சின்னவன் தத்தித் தத்திப் போய் ஒரே தட்டு. அவள் அழவில்லை. தீப்பெட்டிகளைப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு, அரிசி களைந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வைத்தாள். "இனிமே நான் எதுவுமே கட்ட மாட்டேன்" என்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் சின்னப் பிள்ளை, நீதான் விட்டுக்கொடுக்கணும்." பால்வாடியில் 34 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், எத்தனையோ தாய்மாருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் நான் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது. இந்த விடுமுறையில் அதை மட்டும் உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள்.

ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை வேண்டுமென்று கெடுப்பதில்லை. தட்டினால் விழுகிறது, விழுந்தால் சத்தம் வருகிறது, அக்கா திரும்பிப் பார்க்கிறாள். அதுதான் அவனுக்குப் பாடம். நாற்பது தடவை செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். எட்டு வயதுக்காரிக்கோ ஒரு காரியத்தை எடுத்தால் முடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே பாயில் இரண்டையும் வைத்தால்தான் சண்டை வருகிறது. ஆகவே சேர்ந்து விளையாட, கலைத்தாலும் கெடாத விளையாட்டாகப் பாருங்கள். அவள் தனியாகச் செய்வதற்கு, அவன் கை எட்டாத இடமும் நேரமும் கொடுங்கள்.

முதல் வகைக்குத் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. காலை ஏழு மணிக்கு, தரை சூடேறுவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போங்கள். ஆளுக்கொரு பெயின்ட் பிரஷ், ஒரு குவளைத் தண்ணீர். மகள் தரையில் தன் பெயரை எழுதட்டும். மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பிக்கும். ஐந்தாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து இருந்த இடமே தெரியாது. "மறையறதுக்குள்ள முழுப் பெயரையும் எழுதிடுவியா?" என்று கேட்டுப் பாருங்கள், அவள் விடமாட்டாள். சின்னவன் நடுவில் புகுந்து ஈரக்கையால் தேய்த்தால் தேய்க்கட்டும். எப்படியும் வெயில் அழிக்கப்போவதைத்தானே அவன் அழிக்கிறான்? தம்பி மேல் கோபம் வராத ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். நான் இதைத் தெரிந்துகொண்டது அந்த மே மாதக் கடைசியில். என் மகள், தம்பி கையைப் பிடித்து ஒரு பெரிய வட்டம் போடவைத்துவிட்டு, "அம்மா, இவன் சைபர் எழுதிட்டான்!" என்று மாடியிலிருந்து கத்தினாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அடுக்குகிற ஆசையும் அவளுக்கு இருக்கும். கொட்டாங்கச்சியும் எவர்சில்வர் டம்ளரும் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அவள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்ன பிறகுதான் அவன் தட்டலாம் என்று வையுங்கள். இரண்டே நாளில் பழகிவிடுவான். கட்டுவது அவள் வேலை, இடிப்பது அவன் வேலை என்று ஆகிவிட்டால் இரண்டு பேருக்கும் சிரிப்புதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாளியோ தொட்டியோ, தண்ணீர் இருக்கிற வரை சின்னவனை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். நாலு விரல் ஆழம் போதும், இந்த வயதுக் குழந்தை முகம் குப்புற விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் வராது. அக்காவை நம்பி விட்டு உள்ளே போகாதீர்கள். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

சரி, அவளுக்கான நேரம். சின்னவன் மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குவான் இல்லையா? அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பாத்திரம் துலக்குகிறோம், துணி மடிக்கிறோம். பாத்திரம் தொட்டியில் கிடக்கட்டும். கதவைச் சாத்திவிட்டு அவளோடு உட்காருங்கள். பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று அள்ளிக்கொள்கிற அந்த நிமிஷத்தில் அவள் முகத்தைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணி டப்பாவில் போட்டு மேல் பரணில் வைப்பது அவள் பொறுப்பு. ஒரு கொட்டை பாயடியில் தங்கினாலும் தம்பி வாயில் போட்டுக்கொள்வான், தொண்டையில் அடைத்துவிடும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது நன்றாகவே புரியும். மற்றபடி அவளைக் குட்டி அம்மாவாக்கிவிடாதீர்கள். "தம்பியைப் பார்த்துக்கோ" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று நாளைக்கு எண்ணிப் பாருங்கள்.

வெளியே போவதைப் பொறுத்தவரை, மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் மாதக் கடைசி வரை பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வீடுதான். காலையில் திறந்ததும் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விடுங்கள். 1636-ல் கட்டியது என்று மகளுக்குச் சொல்லலாம். மகனுக்கு அந்தப் பெரிய தூண்கள் போதும். ஒரு தூணைச் சுற்றி வந்தால் அக்காவைக் காணோம், இன்னொரு பக்கம் போனால் இருக்கிறாள்! முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் அழுகையில்தான் முடியும். கணவருக்கு லீவு கிடைக்கிற நாளில் சின்னவனை அவரிடம் விட்டுவிட்டு, மகளோடு மட்டும் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023-ல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. போகும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு.

பிள்ளைகளோடு இருக்கிற நாட்கள் சந்தோஷமில்லாமல் கழிகிறதே என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது வடகத்தில். கூழ் காய்ச்சி, நனைத்த வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு, நிழலில் மூன்று பேரும் காக்காய் விரட்ட உட்காருவோம். சாயங்காலம் பார்த்தால் மேலே காய்ந்து தோல் கட்டியிருக்கும், அடியில் ஈரம் இருக்கும். துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஓரத்தில் நகம் கொடுத்து உரித்தால் சவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வரும். உப்பும் சீரகமும் லேசான புளிப்புமாக அந்த அரைக்காய்ச்சல் வடகத்தை என் மகன் வாயில் போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உடனே இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். மகளும் நானும் மாறி மாறி ஊட்டினோம். அந்த வருடம் டப்பாவுக்கு வந்த வடகம் பாதிதான். எனக்கு வருத்தமே இல்லை. நீங்களும் எப்படியும் செய்யவேண்டிய ஒரு வேலையை எடுத்து, நிதானமாக, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

கேள்வி: லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம். அண்ணன் பிள்ளைகளும் என் மூத்தவனும் ஒரு செட். இரண்டரை வயதுச் சின்னவளை ஆட்டத்தில் சேர்ப்பதே இல்லை. அவள் அழுகிறாள்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: நம் ஊரில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: ஒப்புக்குச் சப்பாணி! அவளும் ஓடுவாள், பிடிபடுவாள், ஆனால் அவுட் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் முழு நேரமும் சேர்க்கச் சொல்லாதீர்கள். இரண்டு ஆட்டம் அவளோடு, அப்புறம் அவளை ஆச்சியிடம் நுங்கு தின்ன அனுப்பிவிடுங்கள். நுங்கின் தோலை நீக்கி, விரலால் நசுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லீவு என்றாலே செல்போன்தான். மூத்தவன் பார்க்கும்போது ஒரு வயதுக் குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. பரவாயில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரண்டு வயதானாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. மூத்தவனிடம் போனைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். சின்னது தூங்குகிற நேரத்தில் அரை மணி நேரம் என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போனையும் கீழே வைத்துவிட்டு, அவன் அப்படி என்னதான் பார்க்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.