ஜிம் பயிற்சியாளருக்கு முதுகலைப் படிப்பு தேவையா?

ஐந்து வருடமாக வலுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பதாகவும், உடற்பயிற்சி உடலியங்கியல், சத்துணவு, பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவில் விசைகள் எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பு) மூன்றும் சேர்ந்த முதுகலையில் சேர யோசிப்பதாகவும், "எல்லாம்தான் வீடியோவிலேயே கிடைக்கிறதே" என்று நண்பர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலையை விடவும் மனமில்லை, படிப்பை விடவும் மனமில்லை, அப்படித்தானே? நானும் ஒன்பது வருடம் அப்படி இருந்துவிட்டு 34 வயதில்தான் சேர்ந்தேன்.

என்னிடம் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தொடை நீளம், மேலுடம்பு குட்டை. ஸ்குவாட்டில், அதாவது குந்தி எழும் பயிற்சியில், கீழே இறங்கினால் முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டிவிடும். தாண்டவே கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர் முழங்காலுக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, "இதில் இடிக்காமல் இறங்குங்கம்மா" என்பேன். அவரும் இடுப்பைப் பின்னால் தள்ளி, நெஞ்சு தொடையில் படுகிற அளவுக்குக் குனிந்து இறங்குவார். "மாஸ்டர், அடிமுதுகு பிடிக்குது" என்பார். "வயிற்றை இறுக்கிப் பிடியுங்கம்மா" என்பேன். இரண்டு வருடம் இதுதான் நடந்தது.

முதுகலையின் இரண்டாம் பருவத்தில் எங்களை ஃபோர்ஸ் பிளேட் மேல், அதாவது கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டின் மேல், ஏற்றினார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றிலும் அசைவைக் கேமரா பதிவதற்கான சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டிக்கொண்டு, பெஞ்சு வைத்தும் வைக்காமலும் ஸ்குவாட் செய்தேன். அப்புறம் கணக்கு. மூட்டைத் திருப்பப் பார்க்கும் விசை, சுமையை மட்டும் பொறுத்ததல்ல. சுமையின் கோடு மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதையும் பொறுத்தது. முழங்காலைத் தடுத்தால் உடம்பு முன்னால் சாய்கிறது, இடுப்பு பின்னால் போகிறது, அந்தத் தூரம் இடுப்பில் கூடிவிடுகிறது. 2003-ல் வந்த ஓர் ஆய்வும் இதையேதான் அளந்தது. முழங்காலில் திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பில் 28-லிருந்து 300-க்கு மேல் போனது. ஏழு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் என் திரையில் தெரிந்த கோடும் அதே பக்கம்தான் ஏறியது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் அவரிடம், "நான் சொன்ன முறை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை அம்மா, தப்பு என் மேல்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ அந்த பெஞ்சை எடுத்துடலாமா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் முதுகுவலிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வலிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். பட்டம் இல்லாதவர்களை மட்டம் தட்டுவதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும் படிக்காத மாஸ்டர்களை எனக்குத் தெரியும். வீடியோவிலும் இதெல்லாம் இருக்கலாம். ஆனால் நான் ஒன்பது வருடம் வீடியோ பார்த்தவன். என் நம்பிக்கை தப்பு என்று என் கண்ணால் அளந்து பார்க்க வைத்தது அந்த ஆய்வகம்தான்.

மற்ற இரண்டு பாடங்களிலும் இப்படிச் சில உண்டு. மறுநாள் தசைவலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். முதல் சில வாரங்களில் ஏறும் வலுவில் பெரும்பங்கு நரம்புகள் பழகுவதால் வருவது, தசை பெருப்பதால் அல்ல. புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் போனால், தசை வளர்ச்சிக்குப் பெரிதாக எதுவும் கூடுவதில்லை என்றது 2018-ன் தொகுப்பாய்வு. நானோ அதைப்போல இரண்டு மடங்கு சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், சேருங்கள். ஆனால் பணம் கட்டும் முன் அங்கே படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்து, கருவிகளைத் தொட விடுகிறார்களா, இல்லை படத்தில் காட்டுவதோடு சரியா என்று கேட்டுவிடுங்கள்.