பில்லில் கையெழுத்துப் போடும் முன்: இளம் ஆர்கிடெக்டுகளின் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் ஐந்து வருடம் டிசைன் படித்துவிட்டு வருகிறோம். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கான்ட்ராக்டரின் பில் மேசைக்கு வந்துவிடுகிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தையும் தேதியையும் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து: மேடம், பூச்சு வேலை அளவில் ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை. ஜன்னலைக் கழிக்கக் கூடாது என்கிறார் கான்ட்ராக்டர். முழுசாகக் கழிக்கணும் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியில்லை. ஒப்பந்தத்தில் எந்த அளவீட்டு முறை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கட்டட வேலையை அளக்கும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 தான் இருக்கும். அதன்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு (கதவு, ஜன்னல் போன்றவற்றுக்கு விட்ட இடம்) கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் இரு பக்கமும் கழித்துவிட்டு, திறப்பின் உள்விளிம்புப் பூச்சைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும்.

உங்கள் ஜன்னல் 1.2-க்கு 1.5 மீட்டர் என்றால் 1.8 சதுர மீட்டர். ஒரு பக்கம் கழியும். கழிக்காமல் விட்ட மறுபக்கம், விளிம்பு பூசிய வேலைக்கு ஈடு. இந்தக் காரணத்தை இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

அப்புறம், டேப் பிடிக்கும்போது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் கூட இருக்கட்டும். அளவுப் புத்தகத்தில் அன்றே இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அஸ்திவாரத்தை மண் மூடும் முன்பு, கம்பியைக் கான்கிரீட் மூடும் முன்பு அளந்துவிட வேண்டும்.

சென்னையிலிருந்து: வீட்டுக்காரர் சைட்டுக்கு வந்து மேஸ்திரியிடம் நேராகவே மாற்றம் சொல்லிவிடுகிறார். எக்ஸ்ட்ரா பில் வந்தால், "நான் சொல்லவே இல்லையே" என்கிறார்.

அன்று சாயங்காலமே ஒரு மெயில் போடுங்கள். இப்படி இருந்தால் போதும்: "சார், இன்று காலை நீங்கள் கேட்டபடி பின் படுக்கையறைக் கதவு வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாறுகிறது. பழைய திறப்பை அடைத்துக் கட்டி, புது இடத்தில் லிண்டல் போட்டு, இருபுறமும் பூச இவ்வளவு ரூபாய் கூடும். மூன்று நாள் கூடும். உங்கள் சம்மதம் வந்ததும் வேலை தொடங்கும்." பணமும் நாளும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். பலர் பணத்தை எழுதிவிட்டு நாளை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் தாமதத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் நிற்பது அதனால்தான்.

மேஸ்திரியைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. வீட்டுக்காரர் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

நாகர்கோவிலிலிருந்து: வேலை நாலு மாதம் தாமதம். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று அபராதம் இருக்கிறது. அப்படியே பில்லில் பிடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நாலு மாதத்தையும் பிரித்து எழுதுங்கள்: வீட்டுக்காரர் டைல்ஸ் தேர்வு செய்ய எடுத்த நாள், உங்கள் ஆபீஸிலிருந்து டிராயிங் போகத் தாமதமான நாள், ஆள் வராமல் போன நாள். முதல் இரண்டுக்கும் கான்ட்ராக்டரைப் பிடிக்க முடியாது. அந்த நாட்களுக்குக் கால நீட்டிப்புக் கொடுப்பதுதான் நியாயம்.

மீதிக்கு, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55, 74 ஆகிய பிரிவுகளைக் கட்டாயம் படியுங்கள். எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது 74. காலக்கெடுவே முக்கியம் என்று போட்ட ஒப்பந்தமாக இருந்தாலும், தாமதமான வேலையை ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதைத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்பது 55. கெடு முடிந்த அன்றே கடிதம் போக வேண்டும்.

சேலத்திலிருந்து: எனக்கு ஃபீஸ் கொடுப்பவர் வீட்டுக்காரர். கான்ட்ராக்டர் பக்கம் நியாயம் இருந்தால் அதைச் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். டிசைனில் நீங்கள் வீட்டுக்காரரின் ஆள். பில்லுக்குச் சான்று கொடுக்கும்போது இரு தரப்பும் உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் கூலி நிற்கும், வேலையும் நிற்கும். கூட்டிக் கொடுத்தாலும் ஆபத்துதான். இங்கிலாந்தில் சட்கிளிஃப் எதிர் தாக்ரா வழக்கில் சரியாகச் செய்யாத வேலைக்கும் ஆர்கிடெக்ட் சான்று கொடுத்திருந்தார்; கான்ட்ராக்டர் திவாலாகிவிட்டார். கவனக்குறைவான சான்றுக்கு ஆர்கிடெக்ட் பொறுப்பு என்று 1974-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

திருச்சியிலிருந்து: 12 கன மீட்டர் கூரைக் கான்கிரீட்டுக்கு எத்தனை கியூப் (வலிமை சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) எடுக்கணும்?

கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456-படி இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 28 நாள் சோதனைக்கு ஆறு. ஏழு நாள் ரிசல்ட்டும் வேண்டுமென்றால் கூடுதலாக எடுங்கள்.

கடலூரிலிருந்து: ரிடென்ஷன் பணத்தை (குறைகளைச் சரிசெய்வதற்காகப் பில்லில் பிடித்து வைக்கும் தொகை) ஆறு மாதத்தில் விடச் சொல்லி கான்ட்ராக்டர் கேட்கிறார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், பன்னிரண்டு மாதம் கேளுங்கள். ஜனவரியில் சாவி கொடுத்தால் ஆறு மாதம் ஜூலைக்குள் முடிந்துவிடும். உங்கள் ஊர்க் கூரை ஒழுகுகிறதா என்று சொல்லும் மழை அக்டோபரில்தான் தொடங்கும். பன்னிரண்டு மாதம் போட்டால் எந்த மாதம் சாவி கொடுத்தாலும் ஒரு வடகிழக்குப் பருவமழையாவது உள்ளே வந்துவிடும். நவம்பரில் ஒருமுறை மொட்டைமாடிக்கும் பாத்ரூமுக்கும் கான்ட்ராக்டரோடு போய்ப் பார்த்து, குறைப் பட்டியலை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.