சைடர் கம் நடலாம், நாற்றுக்காரர் பேச்சை நம்ப வேண்டாம்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு மேட்டுநிலத்தில், மியீனா என்ற ஊர்ப் பக்கம் நிலம் வாங்கியிருக்கிறோம். குளிர் தாங்கும் சைடர் கம் என்ற யூகலிப்டஸ் மரம் நட்டால் தைலம் எடுக்கலாம், இலையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் நாற்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: மரத்தை நம்பலாம். அந்த மண்ணுக்கே உரிய மரம், கடும் உறைபனியையும் தாங்கும்.

தைலத்தை மறந்துவிடுங்கள். ஊட்டியில் காய்ச்சும் நீலகிரித் தைலம் புளூ கம் என்ற வேறொரு யூகலிப்டஸ் இலையிலிருந்து வருவது. அதுவும் டாஸ்மேனியா மரம்தான், ஆனால் தாழ்வான பகுதிக்காரர். உங்கள் உயரத்துக் குளிருக்குத் தாங்காது.

இலை வியாபாரத்துக்கு வருவோம். பூக்கடைகள் கேட்பது வட்டமான, வெள்ளி பூத்த இளம் இலை. மரம் வளர வளர இலை நீண்டு பச்சையாகிவிடும். வருடாவருடம் அடியோடு வெட்டித் துளிர்க்க விட்டால்தான் வட்ட இலை கிடைக்கும். இதை அவர் சொன்னாரா? கிலோ என்ன விலை, வண்டிச் செலவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அவருடைய வியாபாரம் இலை இல்லை, நாற்றுதான்.

ஆளுயர நாற்றை வாங்கவே வாங்காதீர்கள். தொட்டிக்குள் சுருண்ட வேர் பிறகு நேராகாது, காற்றில் மரம் சாயும். சாண் உயர நாற்று போதும். விதை எங்கே எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். மியீனாவில் இருக்கும் வகை, அழிவின் விளிம்பில் இருப்பதாக அரசுப் பட்டியலில் உள்ளது. வெளியூர் விதையின் மகரந்தம் அதோடு கலக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே பழைய மரம் நின்றால், மேலே சொன்ன வெட்டும் கணக்கெல்லாம் அதற்கு இல்லை. உச்சி காய்ந்திருந்தாலும் விறகென்று நினைக்காதீர்கள், அடியிலிருந்து துளிர்க்கும். டாஸ்மேனியாவின் பழங்குடியினர் இந்த மரத்தில் துளையிட்டு, இனிப்பான சாற்றைப் புளிக்கவைத்துக் குடித்தவர்கள். அதைப் படித்துவிட்டு நீங்களும் துளை போடப் போகாதீர்கள். ஏற்கெனவே நலிந்த மரம். இலை தின்னும் போசம் என்ற மரமேறி விலங்கு ஏறாமல் அடிமரத்தைச் சுற்றித் தகரப் பட்டை கட்டுங்கள். கிளை வெட்டுவதென்றாலும் முன் அனுமதி கேளுங்கள். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும். பதில் வருவதற்குள் மான் பாதித் துளிரைத் தின்றிருக்கும். என்ன செய்வது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, வசந்த காலத்தில் நடுங்கள். வாலபி என்ற சிறு கங்காரு, முயல், மான் மூன்றுக்கும் சேர்த்து வேலி போடுங்கள். நாற்றைவிட வேலிக்குத்தான் அதிகம் செலவாகும், விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.