பூட்டியிருக்கும் அலமாரி

அன்புள்ள ஐயா,

நான் ஓர் ஊர்ப்புற நூலகர். எங்கள் நூலகம் ஒரே அறை. சிறுவர் நூல்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். கிழிந்தாலோ தொலைந்தாலோ கணக்குப் பார்க்கும்போது நான்தான் பதில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் போட்டித் தேர்வு நூல்களைத் தவிர எதையும் தொடுவதில்லை. செலவுக்கென்று தனியாகப் பணமும் இல்லை. இவர்களை உள்ளே கொண்டுவர என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நூலகருக்கு,

முதலில் அலமாரியைத் திறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது போய்வந்த நூலகத்திலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது. கண்ணாடி வழியே ஓர் அட்டைப்படத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அடியில் ஒரு சிறுவன், கையில் விளக்கு. சாவி கேட்கத் துணிவு வரவில்லை. துணிவு வந்த வயதில் அந்தக் கதை எனக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. ஒரு புத்தகம் ஒரு குழந்தைக்குப் பொருந்துகிற காலம் மிகக் குறுகியது. ஆறு வயதில் கைக்கு வராததைப் பத்து வயதில் கொடுத்து என்ன செய்ய?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, முற்காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையைச் சொல்கிறார். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி ஊர் ஊராகப் போன அந்தப் புத்தகங்கள் கசங்காமலா இருந்திருக்கும்? கசங்கட்டும் என்றுதான் ஏற்றி அனுப்பினார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்தால் போட்ட கட்டுப்பாடு யாரை முதலில் வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். நியூயார்க் பொது நூலகம் 2021இல் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. கட்டணம் சேர்ந்துபோய் உறுப்பினர் அட்டை முடங்கியவர்கள் ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் அதிகம் என்பதை அந்த நூலகமே எடுத்துச் சொன்னது. கட்டணம் போனதும், நெடுங்காலம் வெளியே கிடந்த புத்தகங்கள் பல திரும்பி வந்தன. நம் ஊரிலும் கையெழுத்துப் போட ஆள் இல்லாத, முகவரிச் சான்று இல்லாத வீட்டுப் பிள்ளைதான் உறுப்பினர் ஆகாமல் திரும்பிப் போகிறது. அப்படி ஒரு பிள்ளை வந்தால் நீங்களே அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.

திறந்த பிறகு, புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். குழந்தைக்குப் புத்தகத்தின் முதுகைப் படித்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. அட்டை தெரிய வேண்டும். சன்னல் கம்பியிலிருந்து ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் பத்துப் புத்தகங்களை மாட்டினால் போதும். ஒரு பாய் விரியுங்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் உரக்கப் படியுங்கள். மூன்றே பேர் வந்தாலும் நிறுத்த வேண்டாம். கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். அடுத்த வாரம் இரண்டு பேர்தான் வருவார்கள்.

இனி, பெரிய பிள்ளைகள். இவர்களைப் பற்றி நீங்கள் சற்று மனக்குறையோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. தேர்வுக்குப் படிக்க வருகிற பிள்ளை வீட்டில் உட்கார இடம் இல்லாமல் வருகிறது. அதை மதியுங்கள். ஆனால் அந்த மேசையின் ஓரத்தில் வேறு சில புத்தகங்களும் கிடக்கட்டும்: கிரிக்கெட், உடல், விண்வெளி, ஒரு துப்பறியும் கதை. எதையும் எடுத்து நீட்ட வேண்டாம். பதினாறு வயதில், நீட்டப்பட்ட புத்தகத்தின் மேல் உடனே ஒரு சந்தேகம் வந்துவிடும்.

அவர்களிடம் ஒரு பொறுப்பையும் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் வேலையை அவர்களுக்கே விட்டுவிடலாம். இதை ஒரு கிளை நூலகத்தில் என் கண்ணால் பார்த்தேன். யாரோடும் பேசாத ஒரு பத்தாம் வகுப்புப் பையன், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் யானையாகவும் எலியாகவும் குரல் மாற்றிப் படித்தான். முந்தின நாள் மாலை அவன் தனியாக உட்கார்ந்து அந்தக் கதையை நான்கு முறை ஒத்திகை பார்த்தான் என்று அங்கிருந்த நூலகர் சொன்னார். அவனைக் கதை படிக்கச் சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரத்தை வைத்தால் அவர்களும் வருவார்கள். இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

பணம் இல்லாமல் கிடைப்பவையும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். இலவசமாகப் படிக்கலாம், தாளில் அச்சிட்டும் கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் பெரிய பிள்ளைகளின் மேசைக்கு ஏற்றது.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. அது உங்கள் பணம். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், சிறுவர் நூல்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் நூலகரிடம் சண்டை போடாதீர்கள். நூலகத்துக்குத் துணைநிற்கும் வாசகர் வட்டத்தில் சேர்ந்து, தொலையும் புத்தகத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.

அதை நானே தொடங்கிவைக்கிறேன். உங்கள் நூலகத்தில் அலமாரியைத் திறந்த பிறகு தொலைகிற முதல் பத்துப் புத்தகங்களின் விலையை நான் கட்டுகிறேன். எந்தெந்தப் புத்தகம் என்று எழுதுங்கள். எந்தக் கதையைத் திருப்பித் தர ஒரு பிள்ளைக்கு மனம் வரவில்லை என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.