புதிய இசைக்கென்றே ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் எதற்கு?

இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோ: இந்த நான்கும் சேர்ந்தால் ஸ்ட்ரிங் குவார்டெட். மொசார்ட்டும் பீத்தோவனும் இதற்காக அவ்வளவு எழுதி வைத்திருக்க, சில குழுக்கள் மட்டும் ஏன் சமகாலப் படைப்புகளையே நாடுகின்றன என்பது அடிக்கடி வரும் கேள்வி.

முதல் காரணம், வாசிக்கும் முறையே வேறு. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜை ஒட்டி வில்லை இழுத்துக் கரகரப்பான ஒலி எழுப்ப வேண்டியிருக்கும். வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம் 1970இல் எழுதிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' படைப்பில், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுக்கிறார்கள். அந்த ஒலி உடம்பையே சிலிர்க்க வைக்கும். அந்தப் படைப்பை வானொலியில் கேட்ட வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன்தான் 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில், புதிய இசைக்கென்றே க்ரோனோஸ் குவார்டெட்டைத் தொடங்கினார். மறு ஆண்டே லண்டனில், அதேபோல் புதிய இசையை வாசிக்கும் அர்டிட்டி குவார்டெட் உருவானது.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: புதிய படைப்பென்றால் எழுதியவர் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார். தையல்காரர் உங்களுக்கே அளவெடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, பிடிக்கிற இடத்தைத் தளர்த்திக் கொடுப்பார் இல்லையா? அப்படித்தான் ஒத்திகையில் இசையமைப்பாளரும் வாசிப்பவர்களும் பேசிப் பேசி ஒரு பகுதியைச் சரிசெய்வார்கள். குழுவே பணம் திரட்டிப் புதிய படைப்புகளை எழுதச் சொல்வதும் உண்டு. க்ரோனோஸுக்காக இப்படி உருவானவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

அப்புறம், இதையெல்லாம் மனம் போன போக்கில் வாசிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான படைப்புகளில் அந்தக் கீறல் சத்தம்கூட எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் வர வேண்டும் என்று தாளில் எழுதப்பட்டிருக்கும்.